ஜேம்ஸ் மே: மெதுவாக ஓட்டும் மனிதர் கார் நிகழ்ச்சி நட்சத்திரம் ஆன கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நீலகிரியில் கட்டபெட்டு பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்கும் பையன்கள் போனில் 'டாப் கியர்' பழைய காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் வரும் மூன்று பேரில், நரைத்த நீளமுடியோடு எதற்கும் அவசரப்படாமல் பேசுகிறவரைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். நான் அவருடைய ரசிகன் என்பது கோத்தகிரி முதல் குன்னூர் வரை தெரிந்த விஷயம். கேட்டவற்றையும் சொன்னவற்றையும் சேர்த்து எழுதிவிட்டேன். சில கேள்விக்கு நீளமாகப் போவேன், சிலதுக்கு இரண்டு வரி போதும்.

யார் இந்த ஜேம்ஸ் மே?

இங்கிலாந்துக்காரர். 1963 ஜனவரி 16 அன்று பிரிஸ்டலில் பிறந்தவர். பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சியை ஜெரமி கிளார்க்சன், ரிச்சர்ட் ஹாமண்ட் ஆகியோரோடு 2003 முதல் 2015 வரை நடத்தினார். அப்புறம் அதே மூவரும் அமேசானுக்குப் போய் 'தி கிராண்ட் டூர்' என்ற நிகழ்ச்சியை 2016 முதல் 2024 வரை செய்தார்கள். கிளார்க்சன் சத்தம் போடுவார், ஹாமண்ட் துள்ளுவார், இவர் நிதானமாக ஒரு நட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். மற்ற இருவரும் பாதியிலேயே நிறுத்தி கிண்டல் செய்வார்கள். அந்த நட்டைப் பற்றி அவர் சொல்ல வந்ததை முழுதாகக் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் தொழில்காரர்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அவர் ஆட்டோமொபைல் இன்ஜினீயரா?

இல்லை. படித்தது இசை. சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் பாடியவர், புல்லாங்குழலும் பியானோவும் வாசிப்பார். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் இசையில் பட்டம் வாங்கினார். படிப்பு முடிந்ததும் லண்டனில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலை, கொஞ்ச நாள் அரசு வேலை. 2010இல் அதே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அப்படியானால் கார் உலகத்துக்குள் எப்படி வந்தார்?

பத்திரிகை வழியாக. அதுவும் கார் ஓட்டிப் பார்த்து எழுதும் பதவியில் இல்லை, உதவி ஆசிரியராக. 1980களில் முதலில் 'தி இன்ஜினீயர்', அடுத்து 'ஆட்டோகார்'. ஆட்டோகார் 1895இல் தொடங்கிய பத்திரிகை. நம் நாட்டுப் பதிப்பும் உண்டு, பல வருடமாகக் கடைகளில் கிடைக்கிறது.

உதவி ஆசிரியர் வேலை வெளியில் தெரியாத வேலை. மற்றவர் எழுதியதை வாங்கி, தப்பைத் திருத்தி, நீளத்தை வெட்டி, தலைப்பு வைத்து, பக்கத்தில் பொருத்த வேண்டும். "இந்த வண்டி சூப்பராக இருக்கிறது" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், சூப்பர் என்றால் என்ன, இரண்டாவது கியரில் இழுவை நன்றாக இருக்கிறதா, இல்லை சீட்டு சொகுசா என்று கேட்டுத் தெளிவாக்குகிற வேலை. ஜேம்ஸ் மே பேசும்போது ஒரு வாக்கியம்கூட அந்தரத்தில் தொங்காது. அந்தப் பழக்கம் அங்கே வந்ததுதான்.

அந்தப் பத்திரிகையில் இருந்து அவரை வேலையை விட்டுத் தூக்கினார்களாமே?

ஆமாம், 1992இல். அவரே பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொன்ன கதை.

வருடக் கடைசியில், அதுவரை வந்த கார் விமர்சனங்களைச் சுருக்கி ஒரே மலராகப் போடுவார்கள். அதைத் தயாரிக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. ஒவ்வொரு விமர்சனத்தின் முதல் எழுத்தையும் பெரிதாக, சிவப்பில் போடுவது வடிவமைப்பு. பக்கத்துக்குப் பக்கம் அதே மாதிரி சுருக்கம், அதே மாதிரி வேலை. மாதக்கணக்கில் அலுத்துப்போன மனுஷன் ஒரு குறும்பு செய்தார். அந்தச் சிவப்பு எழுத்துகளை வரிசையாகச் சேர்த்துப் படித்தால் ஒரு செய்தி வரும்படி ஒவ்வொரு விமர்சனத்தின் ஆரம்பத்தையும் மாற்றி எழுதிவிட்டார். செய்தியின் சாரம் இதுதான்: இது நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறாயா, நீ உட்கார்ந்து தயாரித்துப் பார், உயிர் போகிறது. இடையில் இரண்டு கெட்ட வார்த்தை வேறு.

அச்சாகும் வரை அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தவர்கள் வாசகர்கள். அவர்கள் இதை ஏதோ போட்டி என்று நினைத்து, "விடையைக் கண்டுபிடித்துவிட்டேன், பரிசு எங்கே?" என்று போன் செய்தார்களாம். பரிசு ஜேம்ஸ் மேவுக்குத்தான் கிடைத்தது. சீட்டுக் கிழிந்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது குறும்பு இல்லை, அதில் இருக்கும் உழைப்பு. அத்தனை விமர்சனங்களுக்கும் தேவையான எழுத்தில் ஆரம்பம் அமைத்து, படிப்பவருக்குச் சந்தேகம் வராமல் பொருளும் கெடாமல் எழுத வேண்டும். நம் பக்கம் பழைய புலவர்கள் செய்யுளில் காட்டிய வித்தை. வேலை வெறுத்துப்போன ஆள், வெறுப்பைக் காட்டவே கூடுதல் வேலை செய்திருக்கிறார்!

டிவிக்கு எப்போது வந்தார்?

வேலை போன பிறகு வேறு பத்திரிகைகளில் பத்தி எழுதினார். 1998இல் சேனல் 4இன் 'டிரிவன்', 1999இல் பழைய டாப் கியரில் கொஞ்ச காலம். 2002இல் டாப் கியரைப் புது வடிவில் தொடங்கியபோது மூன்றாவது ஆள் வேறொருவர். இரண்டாவது தொடரில், 2003இல், அந்த இடத்துக்கு இவர் வந்தார். அப்போது வயது 40. பத்தொன்பது வயதில் இன்னும் வைரல் ஆகவில்லையே என்று புலம்பும் தம்பிகள் இதைக் கவனிக்கவும்.

'கேப்டன் ஸ்லோ' என்று ஏன் கூப்பிடுகிறார்கள்? உண்மையிலேயே மெதுவாகத்தான் ஓட்டுவாரா?

கூடவே இருந்த இருவரோடு ஒப்பிட்டால் மெதுவு. வளைவில் டயர் புகையக் கிளார்க்சன் போவார். இவர் அதே வளைவில் அளவாக மெதுவாக்கி, கியர் மாற்றி, திரும்பி, போவார். அதனால் வந்த பெயர்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த மூவரில் உச்ச வேகத்தைத் தொட வேண்டிய வேலையை இவரிடம்தான் கொடுத்தார்கள். 2007இல் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏரா-லெஸ்ஸியன் சோதனைப் பாதையில் புகாட்டி வேய்ரானை மணிக்கு 407 கிலோமீட்டர் வரை ஓட்டினார். எட்டு லிட்டர், பதினாறு சிலிண்டர், நான்கு டர்போ, 1001 குதிரைசக்தி உள்ள வண்டி. பாதையில் கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டருக்கு வளைவே இல்லாத நேர்கோடு உண்டு. 2010இல் அதே இடத்தில் வேய்ரான் சூப்பர் ஸ்போர்ட்டில் 417ஐத் தொட்டார். கொஞ்ச நேரத்தில் புகாட்டியின் சொந்த டிரைவர் பியர்-ஆன்ரி ராஃபனெல் அதே வண்டியில் 431 போய் அதைத் தாண்டிவிட்டார்.

அந்த வேகத்தில் மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ஐந்து நிமிடம். கல்லாறு தாண்டினால் கொண்டை ஊசி வளைவு பதினான்கு இருப்பதை மறந்துவிட்டால்!

அந்த வேய்ரான் படத்தைப் பார்க்கும்போது அவருடைய கையைப் பாருங்கள். ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை. அவ்வளவு வேகத்தில் நிதானமான ஆள்தான் தேவை.

நம் மலைக்கு வந்திருக்கிறாரா? நம் ரோட்டில் எப்படி ஓட்டுவார்?

அவருடைய இந்தியப் படங்கள் எதிலும் நீலகிரி இல்லை. 2011 கடைசியில் ஒளிபரப்பான டாப் கியர் இந்தியா சிறப்பு நிகழ்ச்சியில் மும்பையில் ஆரம்பித்து இமயமலைப் பக்கம் போனார்கள். இவருக்கு வந்தது பழைய ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ. அதில் நம் நாட்டைக் கிண்டல் செய்த விதம் சரியில்லை என்று இந்தியத் தூதரகம் பிபிசிக்குப் புகார் கொடுத்தது. புகாரில் நியாயம் இருந்தது என்பதுதான் என் கருத்து. கழிப்பறை ஜோக்குகள் எனக்கும் ரசிக்கவில்லை. 2024 ஜனவரியில் வெளியான 'அவர் மேன் இன் இந்தியா' (Our Man in India) தொடருக்காகத் தனியாக வந்து மும்பையில் இருந்து கொல்கத்தா பக்கம் வரை சுற்றினார். அதில் தொனி வேறு. தானே கிண்டலுக்கு ஆளாகச் சம்மதித்து வந்தவர் போல இருப்பார்.

நம் ரோட்டுக்கு எப்படி என்றால், மூவரில் இவர் ஒருவரைத்தான் நம்பி வண்டி கொடுப்பேன். சீசனில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வெளியூர் வண்டிகளில் பாதி, பிரேக் கருகிய வாடையோடு வரும். இறக்கத்தில் காலை பிரேக் மேலேயே வைத்துக்கொண்டு வந்தால் டிஸ்க் காய்ந்து, பேடு பிடிப்பை இழக்கும். இன்னும் சூடானால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி வரும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். அதனால்தான் பெடல் சும்மா தரை வரை போகிறது, வண்டி நிற்பதில்லை. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காக. ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் 'டி'யில் போட்டுவிட்டுச் சும்மா வரக்கூடாது, மேனுவல் மோடிலோ 'எல்'லிலோ போட்டு இன்ஜினையே வண்டியைப் பிடிக்கவிட வேண்டும். ஏறுகிற வண்டிக்கு வழி விடுவதும் இங்கே மரியாதை மட்டும் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது.

இதெல்லாம் கேப்டன் ஸ்லோவின் சுபாவத்துக்கு அப்படியே பொருந்தும். அந்த மற்ற இருவரையும் ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி முப்பத்தாறு வளைவில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயம். நல்லவேளை, அந்த இறக்கத்தில் டிஎன் 43 வண்டி, அதாவது நீலகிரிப் பதிவு எண் உள்ள வண்டி, தவிர வேறு எதையும் விடுவதில்லை.

'குட் நியூஸ்' என்று சொல்லி டேசியா சான்டெரோவைப் பற்றிப் பேசுவாரே, அது என்ன ஜோக்?

டேசியா ருமேனியக் கம்பெனி, ரெனோவுக்குச் சொந்தம். சான்டெரோ விலை குறைந்த, அலங்காரம் இல்லாத கார். ஸ்டுடியோவில் செய்தி வாசிக்கும் பகுதியில் இவர் "நல்ல செய்தி!" என்று முகம் மலர ஆரம்பிப்பார், மற்றவர் "என்ன?" என்று ஆர்வமாகக் கேட்டால், சான்டெரோவைப் பற்றி ஒன்றுக்கும் உதவாத ஒரு தகவல் சொல்வார். பல வருடம் ஓடிய ஜோக். கடைசியில் ருமேனியாவில் ஒரு சான்டெரோ அவர் கைக்கு வந்து, கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி பின்னால் எடுத்து அதில் இடித்துவிடும்.

நமக்கு இதில் ஒரு உறவு உண்டு. 2012இல் இங்கே வந்த ரெனோ டஸ்டர், ஐரோப்பாவில் டேசியா டஸ்டராக விற்ற அதே வண்டி, சென்னை பக்கத்தில் ஒரகடத்தில் தயாரித்தது. அதற்கு முன்னால் 2007இல் மஹிந்திரா-ரெனோ என்று வந்த லோகனும் டேசியா வடிவமைப்புதான், பிறகு வெரிட்டோ என்று பெயர் மாறி டாக்சியாக ஓடியது. இன்றைக்கும் லோகனின் கீழ் பக்கத்தைத் திறந்தால் எனக்கு ஒரு மரியாதை வரும். சஸ்பென்ஷன் அப்படிப்பட்டது. ஜோக்குக்குச் சிரிக்கலாம், வண்டியை மட்டம் தட்ட முடியாது.

விபத்தில் சிக்கியிருக்கிறாரா?

பெரிய விபத்து என்றால் ஹாமண்டுக்குத்தான், 2006இல் ஜெட் காரில். மேவுக்கு இரண்டு. 2010இல் மத்திய கிழக்குப் பயணத்தின்போது சிரியா பாலைவனத்தில், வண்டியைக் கயிறு கட்டி இழுக்கையில் கயிறு தட்டி விழுந்து தலையில் அடி, மருத்துவமனை வரை போனார். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: கட்டி இழுக்கும்போது கயிற்றுக்குப் பக்கத்தில் யாரும் நிற்காதீர்கள். தேயிலைத் தோட்டத்து மண் ரோட்டில் பிக்கப்பை இழுக்கும்போது நம் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் நின்று யோசனை சொல்வார்கள்.

இரண்டாவது, 2022இல் வெளிவந்த கிராண்ட் டூர் படத்துக்காக நார்வேயில். ஒரு சுரங்கப்பாதைக்குள் மிட்சுபிஷி இவோவில் மணிக்கு 120 கிலோமீட்டர் அளவில் வந்து சுவரில் மோதினார். விலா எலும்பு முறிந்தது.

கிளார்க்சன் தயாரிப்பாளரை அடித்த விவகாரத்தில் இவருக்கும் பங்கு உண்டா?

கிடையாது. 2015 மார்ச்சில், படப்பிடிப்பு முடிந்து சூடான சாப்பாடு இல்லை என்று ஏற்பட்ட தகராறில் கிளார்க்சன் கை நீட்டினார், பிபிசி அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இவரும் ஹாமண்டும் அவர் இல்லாமல் தொடர விரும்பாமல் விலகினார்கள். அவ்வளவுதான்.

கார் தவிர வேறு என்ன செய்திருக்கிறார்? எது அவருடைய சிறந்த வேலை?

என்னைக் கேட்டால் டாப் கியர் இல்லை. 'தி ரீஅசெம்ப்ளர்'. 2016, 2017இல் பிபிசி ஃபோரில் வந்தது. ஒரு மேசை. மேசை மேல் நூற்றுக்கணக்கில் துண்டு துண்டாகப் பிரித்து வைத்த ஒரு பழைய பொருள்: புல் வெட்டும் இயந்திரம், டெலிபோன், எலெக்ட்ரிக் கிட்டார், மிக்சி, ஹோண்டா மங்கி பைக். இவர் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். போட்டி இல்லை, நேரக்கெடு இல்லை, பின்னணியில் பதற்ற இசை இல்லை. ஒரு வாஷர் ஏன் அங்கே இருக்கிறது என்று அரை நிமிடம் பேசுவார். கடைசியில் இயந்திரம் ஓடும். டிவிக்காரர்கள் இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள் என்பதே ஆச்சரியம்.

கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்க்கும்போது எங்கள் தொழிலில் யாரும் பேசுவதில்லை. பேசினால் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்ற சின்னத் துண்டு காணாமல் போகும். இவர் கை வேலையையும் வாயையும் ஒரே நேரத்தில் ஓட்டுகிறார்.

2009இல் 'டாய் ஸ்டோரீஸ்' என்று இன்னொன்று. சின்ன வயது விளையாட்டுப் பொருள்களைப் பெரிய அளவில் செய்வது. சரே மாவட்டத்தில் முப்பது லட்சத்துக்கும் மேல் லெகோ கட்டிகளால் ஒரு முழு வீடு கட்டி, அதில் ஒரு இரவு தூங்கினார். செல்சி மலர்க் கண்காட்சியில் முழுக்கப் பிளாஸ்டிசின் களிமண்ணால் ஒரு தோட்டம் வைத்தார். ஊட்டி தாவரவியல் பூங்காவில் நடக்கும் மலர்க் கண்காட்சியில் ஒரே ஒரு நிஜப் பூகூட இல்லாமல் ஒருவர் தோட்டம் போட்டால் கமிட்டி என்ன சொல்லும் என்று யோசியுங்கள். செல்சியில் சிரித்துக்கொண்டே பிளாஸ்டிசினால் செய்த தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். சின்னத் தோட்டங்களில் மக்கள் வாக்கும் இதற்குத்தான்.

அதே வருடம் அமெரிக்க உளவு விமானம் யு-2இல் ஏறி 70,000 அடி உயரத்துக்குப் போனார். கேப்டன் ஸ்லோ என்ற பட்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத விஷயங்கள் இப்படி நிறைய உண்டு. 2007இல் டொயோட்டா ஹைலக்ஸில் கிளார்க்சனோடு வட காந்த துருவத்துக்குப் போனதும் அதில் ஒன்று.

என்ன கார் வைத்திருக்கிறார்?

காலத்துக்குக் காலம் மாறும். ஃபெராரி, போர்ஷே 911, கூடவே சாதாரண ஃபியட் பாண்டா. ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா மிராயும் வாங்கினார். பாண்டாவை ஃபெராரிக்குச் சமமாகப் பேசுவார், அதுதான் எனக்குப் பிடிக்கும்.

அண்ணா, எனக்கும் கார் நிகழ்ச்சி செய்ய ஆசை. கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் நீங்கள் எல்லோரும் முதலில் டிரோன் வாங்கப் போகிறீர்கள், அங்கேதான் எனக்கு வருத்தம். ஜேம்ஸ் மேவின் வாழ்க்கையை நான் பார்த்த வரை, அவர் முதலில் வாக்கியத்தைத் திருத்தக் கற்றார், கேமரா பல வருடம் கழித்துத்தான் வந்தது. வண்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். 'செம', 'மாஸ்', 'வேற லெவல்' மூன்றையும் அடித்துவிடுங்கள். மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு அந்த வண்டியைப் பற்றித் தெரிந்தது.

விஷயத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. சமவெளியில் நன்றாக இழுக்கும் டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி, குன்னூர் வந்ததும் ஏன் பிக்கப் இல்லாமல் திணறுகிறது? இங்கே உயரம் 1,800 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்து, இன்ஜினின் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். டர்போ வண்டிக்கு அந்தக் கஷ்டம் குறைவு. பழைய கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்தும் பெட்ரோல் அதே அளவு போய்க் கறுப்புப் புகை தள்ளும். இதைத் தொட்டபெட்டா ஏற்றத்தில் காட்டலாம். கல்லாற்றில் இருந்து குன்னூர் வரை நம் ரயில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிறதே, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம், அந்த இன்ஜின்களில் சிலவற்றைத் திருச்சி பொன்மலையில் கட்டினார்கள். அதைப் பற்றித் தமிழில் உருப்படியாக ஒரு படம் எடுக்கலாம். பச்சைத் தேயிலை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போகும் பிக்கப் டிரைவரோடு ஒரு நாள் உட்காருங்கள், கிளட்சைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்த விமர்சகருக்கும் தெரியாது.

ஒன்று மட்டும்: முதுமலை ரோட்டில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். யானையும் விடாது, வனத்துறையும் விடாது.

முதலில் எதைப் பார்க்கலாம்?

சிரிக்க வேண்டும் என்றால் டாப் கியரின் துருவப் பயணம். வேகம் வேண்டும் என்றால் வேய்ரான். மூவரையும் வயதான காலத்தில் பார்க்க வேண்டும் என்றால் 2024 செப்டம்பரில் வந்த கிராண்ட் டூரின் கடைசிப் படம், ஜிம்பாப்வேயில் எடுத்தது. இவர் அதில் டிரையம்ஃப் ஸ்டேக் ஓட்டுவார். வேலை கற்க வேண்டும் என்றால் ரீஅசெம்ப்ளர், புல் வெட்டும் இயந்திரம் வரும் பகுதி. என் கடைக்கு வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே இதைப் போட்டுக் காட்டிவிடுவேன். பாதியில் தூங்கிவிடுகிற பையனிடம் கார்புரேட்டரைக் கொடுப்பதில்லை.

அவர் ஊட்டிக்கு வந்தால் ஒர்க்‌ஷாப்புக்குக் கூப்பிடுவீர்களா?

கூப்பிடுவேன். டீ, வர்க்கி, பிரித்துப் போட்ட ஒரு பழைய ஜீப் இன்ஜின், மூன்றும் தயார். 2020இல் 'ஓ குக்!' என்று சமையல் நிகழ்ச்சிகூடச் செய்தவர், சாப்பாட்டு விஷயத்தில் பெரிய கர்வம் பிடித்த ஆள் இல்லை. இ-பாஸை மட்டும் அவரே எடுத்துக்கொண்டு வரட்டும். 2024 மே மாதத்தில் இருந்து வெளியூர் வண்டிக்கு அது இல்லாமல் மலையேற முடியாது, நான் சொன்னால் செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள்.